யுஎஸ்டிடியை யாரிடம் விற்பது? சேலத்துக்காரர்களுக்கு ஒரு ஒப்பீடு

சேலத்தில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு வேலை செய்யும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். ஃபேர்லேண்ட்ஸில் லோகோ வரைகிறார்கள், அம்மாபேட்டையில் வீடியோ எடிட் செய்கிறார்கள், ஏற்காட்டில் நெட் கிடைக்கும் மூலையாகப் பார்த்து உட்கார்ந்து கோடு எழுதுகிறார்கள். கூலியில் ஒரு பங்கு யுஎஸ்டிடியாக, அதாவது டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் கிரிப்டோ காயினாக, வருகிறது. வருவதில் சிக்கல் இல்லை. அதை ரூபாயாக்கும்போதுதான் யாரை நம்புவது என்ற கேள்வி எழுகிறது.

நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. டெலிகிராம் குழுவில் 'நம்பிக்கையான ஆள்' என்று பெயரெடுத்தவரிடம் விற்கலாம். எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) செயலிக்குள் இருக்கும் பி2பி சந்தையில், அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக, விற்கலாம். இந்தியாவில் பதிவுபெற்ற எக்ஸ்சேஞ்சில் நேரடியாக ரூபாய்க்கு விற்கலாம். இல்லை, ஐந்து ரோட்டில் யாரையாவது பார்த்துக் கைப்பணமாக வாங்கிக்கொள்ளலாம். நம் ஆட்கள் இந்த நான்கையும் ரேட்டை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். எதிரில் இருப்பவர் ஏமாற்றுவதென்று முடிவெடுத்தால் அவருக்கு என்ன போகும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளித் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வியாபாரி கட்டி வெள்ளியைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுகிறார், அது கொலுசாகத் திரும்பி வருகிறது. பட்டறைக்காரர் ஏமாற்றினால் அவருடைய வீடு தெரியும், சம்பந்தி வீடு கூடத் தெரியும், அப்புறம் அந்த வட்டாரத்தில் யாரும் அவருக்கு வெள்ளி கொடுக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் எடை போட்டுத்தான் வாங்குகிறார்கள், சந்தேகம் வந்தால் டச் (வெள்ளியின் சுத்தம்) பார்த்துவிடுகிறார்கள். பெயரும் உண்டு, சோதனையும் உண்டு. கிரிப்டோ குழுக்களில் பெயர் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் இரவல் பெயர்.

டெலிகிராம் குழு

இந்தக் குழுக்கள் எல்லாமே ஒரே மாதிரித்தான் இயங்குகின்றன. ஒரு அட்மின் இருப்பார், எல்லோரும் அவரை 'அண்ணா' என்பார்கள். பேரம் முடிந்ததும் "அண்ணாகூட டீல், பக்கா லெஜிட்" என்று ஒரு வரி போட வேண்டும். அதற்கு வவுச் என்று பெயர். நூறு வவுச் சேர்ந்தால் அவர் பெரிய ஆள். பெரிய தொகை என்றால் அட்மினே நடுவில் நின்று, ஒருவரிடமிருந்து காயினை வாங்கி வைத்துக்கொண்டு, ரூபாய் வந்த பிறகு கைமாற்றுவார். எஸ்க்ரோ என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இதில் நல்லது இல்லாமல் இல்லை. ரேட் நன்றாக இருக்கும், இரவு பதினொரு மணிக்கும் ஆள் கிடைக்கும். பல அட்மின்கள் நேர்மையாகவே நடந்துகொள்கிறார்கள். ஆனால் அந்த நேர்மையை வெளியிலிருந்து சரிபார்க்க ஒரு வழியும் இல்லை. குழுவில் யார் என்ன எழுதினாலும் அட்மின் அழித்துவிட முடியும். ஏமாந்தவன் புலம்பினால் நொடியில் வெளியேற்றிவிடலாம். அப்புறம் வருகிறவர் கண்ணுக்கு வவுச் மட்டும்தான் படும். தனி உரையாடலில் இன்னொரு வசதி: டெலிகிராமில் ஒருவர் நினைத்தால் இரு பக்கத்துச் செய்திகளையும் ஒரேயடியாக அழித்துவிடலாம். ஏமாற்றியவரே சாட்சியத்தையும் அழித்துவிட்டுப் போகலாம்.

அடுத்தது போலி அட்மின். உண்மையான அட்மினின் படத்தையும் பெயரையும் அப்படியே எடுத்துக்கொள்வான். யூசர்நேமில் ஆங்கிலச் சின்ன 'எல்' இருக்கும் இடத்தில் பெரிய 'ஐ' போட்டிருப்பான். ஃபோன் திரையில் இரண்டும் ஒரே கோடுதான். நீங்கள் குழுவில் "300 யுஎஸ்டிடி விற்க வேண்டும்" என்று போட்ட அடுத்த நிமிடம் டிஎம் (தனிச் செய்தி) வரும். "தம்பி, எஸ்க்ரோ நான் பார்த்துக்கிறேன், இந்த அட்ரஸுக்கு அனுப்புங்க." அனுப்பியதோடு சரி. டிரான் சங்கிலியில் (யுஎஸ்டிடி கைமாறும் ஒரு பிளாக்செயின்) போன காசைத் திருப்பிக் கூப்பிட முடியாது. அட்மின் தானாக முதலில் டிஎம் அனுப்பினால் அது அட்மின் இல்லை என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இவை எல்லாம் பெயரைத் திருடுகிறவர்களின் வேலை. உண்மையாகவே நல்ல பெயர் எடுத்தவர் ஏமாற்றுவது இன்னும் கனமான விஷயம். பிட்காயின் உலகம் இதை ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டது. பிட்காயின்-ஓடிசி என்ற அரட்டை அறையில் வியாபாரம் செய்தவர்கள் ஒருவருக்கொருவர் மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வரை மதிப்பெண் போட்டார்கள். அந்த ஆள்தானா என்பதைக் குறியாக்கச் சாவியை வைத்து நிரூபிக்க வேண்டும். இன்றைய நம் குழுக்களில் அந்த ஒழுங்கில் பாதி கூடக் கிடையாது. அதே வட்டாரத்தில்தான் பைரேட்அட்40 என்ற பெயரில் டெக்சாஸ்காரர் டிரெண்டன் ஷேவர்ஸ் கடை விரித்தார். 2011-ல் தொடங்கி, போட்ட பிட்காயினுக்கு வாரம் 7 சதவீதம் வரை தருவதாகச் சொன்னார். முதலில் வந்தவர்களுக்குச் சொன்னபடி கொடுத்தார், அவர்களே மற்றவர்களுக்கு உத்தரவாதம் சொன்னார்கள். 2012 ஆகஸ்ட்டில் கடையை மூடியபோது அவர் கைக்கு வந்து சேர்ந்திருந்தது 7 லட்சம் பிட்காயினுக்குக் குறையாது. 2016-ல் ஒன்றரை ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

அவரை நம்பியவர்கள் எல்லாம் முட்டாள்கள் இல்லை. முன்னால் வாங்கியவர்கள் பொய் சொல்லவும் இல்லை, அவர்களுக்குப் பணம் வரத்தான் செய்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டால் கிடைப்பதைவிடப் பெரிய தொகை ஒருவர் கையில் சேர்ந்துவிட்டது, அதுதான் நடந்தது. ஆகவே ஒரு அட்மினுக்கு எத்தனை வவுச் என்று கேட்பதோடு, இந்த நிமிடம் அவர் கையில் எத்தனை பேருடைய காசு இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். பத்தாயிரம் ரூபாய் பேரத்துக்காக அவர் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டார். ஒரே நாளில் இருபது பேரின் எஸ்க்ரோ அவரிடம் இருந்தால் உங்கள் பத்தாயிரமும் அந்தக் குவியலில் ஒன்று. இதை எந்தக் குழுவும் உங்களுக்குக் காட்டாது.

பி2பி சந்தை

குழுவோடு ஒப்பிட்டால் பி2பி ஒரு படி மேல். காயினைப் பிடித்து வைப்பது ஒரு தனி மனிதர் இல்லை, செயலி. வாங்குபவர் ரூபாய் அனுப்பி, நீங்கள் ரிலீஸ் கொடுத்த பிறகுதான் காயின் நகரும். ஒவ்வொருவருக்கும் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) உண்டு. எத்தனை ஆர்டர், எத்தனை சதவீதம் முடித்தார், எவ்வளவு நேரத்தில் முடித்தார் என்ற கணக்கும் பக்கத்திலேயே இருக்கும். அதை அவராக அழிக்க முடியாது. காயினை இழக்கும் பயம் இங்கே குறைவு. போலி ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ரிலீஸ் கொடுக்காமல், வங்கிச் செயலியைத் திறந்து பணம் விழுந்ததைப் பார்த்துவிட்டுக் கொடுத்தால் போதும்.

ஆனால் இங்கே வேறொரு ஆபத்து இருக்கிறது. சேலத்தில் நிறைய பேர் மாட்டிக்கொள்வது இதில்தான் என்று எனக்குப் படுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு டிசைனர் பையனுக்கு நடந்தது இது. வாங்குபவருக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர், 99 சதவீதம் முடித்த கணக்கு. பணமும் உடனே வந்தது. ஆனால் செயலியில் இருந்த பெயர் ஒன்று, வங்கிக் கணக்கில் வந்த பெயர் இன்னொன்று. கேட்டதற்கு, "அது மச்சான் அக்கவுண்ட் ப்ரோ, ரிலீஸ் பண்ணிடுங்க" என்று பதில். பையனும் ரிலீஸ் கொடுத்துவிட்டான். சில வாரம் கழித்து அவன் கணக்கில் லியன் (பணத்தை எடுக்க முடியாதபடி வங்கி போடும் தடை) விழுந்தது. வங்கியில் போய்க் கேட்டால், வேறொரு மாநிலத்தில் சைபர் கிரைம் புகார், நீங்களே அந்த ஊர் போலீஸிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

நடந்தது இதுதான். எங்கோ ஒரு பெரியவரை மிரட்டியோ ஆசை காட்டியோ ஒரு கும்பல் பணத்தைக் கறக்கிறது. அந்தப் பணத்தை அவர்கள் தங்கள் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. பி2பியில் விற்பவர் கணக்குக்கு அனுப்பி, யுஎஸ்டிடியாக மாற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெரியவர் புகார் கொடுத்ததும் போலீஸ் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது, வழியில் இருக்கும் கணக்குகளை எல்லாம் நிறுத்துகிறது. அந்தத் தடத்தில் உங்கள் கணக்கும் இருக்கிறது.

இந்த இடத்தில் 99 சதவீத மதிப்பெண் எதற்கும் உதவாது. அந்த மதிப்பெண் போட்டவர்கள் எல்லோரும் அவரிடமிருந்து ரூபாய் சரியாக வாங்கியவர்கள். பணத்தை இழந்த பெரியவருக்கு அங்கே ஸ்டார் போட இடமே இல்லை. விற்பவரை ஏமாற்றாமலே, விற்பவருக்கு நல்லவராகவே இருந்துகொண்டு, அவரைச் சிக்கலில் மாட்டிவிட ஒருவரால் முடியும். பி2பி நற்பெயரின் பெரிய ஓட்டை இது. நம் குழுக்களில் இதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ரேட்டும் இங்கே ஒரு துப்பு. சந்தை விலையைவிட மூன்று நான்கு ரூபாய் கூடத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது? திருட்டுப் பணத்தை மாற்றுகிறவனுக்கு நாலு ரூபாய் நஷ்டமே இல்லை. நேர்மையாக வாங்கி விற்றுப் பிழைப்பவரால் அந்த ரேட் கொடுக்கவே முடியாது.

பி2பியில்தான் விற்பேன் என்பவர்கள் கேஒய்சி பெயரும் வங்கிப் பெயரும் ஒரு எழுத்து பிசகினாலும் ரிலீஸ் கொடுக்காமல், பணத்தைத் திருப்பி அனுப்புவதற்காகச் செயலியில் முறைப்படி புகார் எழுப்ப வேண்டும். சம்பளமும் வீட்டுக் கடன் தவணையும் ஓடும் கணக்கை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. இவ்வளவு செய்தாலும் ஆபத்து குறையுமே தவிரப் போகாது. பெயர் பொருந்தும் வாடகைக் கணக்குகளும், அதாவது காசுக்காகப் பிறர் கையில் விடப்பட்ட கணக்குகளும், இருக்கின்றன.

பதிவுபெற்ற எக்ஸ்சேஞ்ச்

ரேட் குறைவு, டிடிஎஸ் பிடிப்பார்கள், கேஒய்சி தொல்லை. இப்படிச் சொல்லித்தான் பலரும் இதை ஒதுக்குகிறார்கள். மூன்றும் உண்மை. 2022 ஜூலையிலிருந்து விற்கும் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ், அதைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் கழிக்கவும் முடியாது. வேலைக் கூலியாக வந்த யுஎஸ்டிடி தனியாக வருமானக் கணக்கில் சேரும் என்பதால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஆனால் இங்கே உங்கள் கணக்குக்குப் பணம் எக்ஸ்சேஞ்சிடமிருந்து வருகிறது, முகம் தெரியாத ஒரு 'மச்சானிடமிருந்து' இல்லை. 2023 மார்ச்சில் இந்த நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. எஃப்ஐயு எனப்படும் நிதிப் புலனாய்வுப் பிரிவில் அவை பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாமல் இங்கே தொழில் நடத்திய பைனான்ஸ் (Binance) என்ற வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு 2024 ஜூனில் 18.82 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. தப்பு செய்தால் கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதுதான் இதன் பலம். ஆனால் எஃப்ஐயு பதிவு உள்ள தளத்திலேயே பி2பி பக்கம் போனால், எதிரில் இருப்பது பழையபடி ஒரு தனி மனிதர்தான். பதிவு அவருடைய ரூபாயைச் சுத்தமாக்கிவிடாது.

பதிவு, கேஒய்சி எல்லாம் இருந்தும் பணம் முடங்கலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் களவு போயின. பலர் ஒப்புதல் கொடுத்தால்தான் திறக்கும் வாலட்டிலிருந்தே (காயின் வைக்கும் டிஜிட்டல் பை) போனது. வட கொரிய ஹேக்கர்களின் வேலை என்று அமெரிக்காவும் ஜப்பானும் தென் கொரியாவும் பின்னர் கூட்டாகச் சொன்னன. காயின் வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் அதைத் தொட முடியவில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் என்ற இன்னொரு எக்ஸ்சேஞ்சில் 4.4 கோடி டாலர் போனது, நல்லவேளையாக அது நிறுவனத்தின் சொந்தக் கணக்கு, வாடிக்கையாளர் பணம் தப்பியது. எக்ஸ்சேஞ்சில் விற்கலாம். விற்ற அன்றே ரூபாயை வங்கிக்கு எடுத்துவிட வேண்டும், காயினை அங்கேயே குவித்து வைக்கக் கூடாது.

கைப்பணம்

இதற்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை. 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். அதற்குக் குறைவாக வாங்கினாலும் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. ஆளை நேரில் பார்த்தோம் என்ற தைரியம் தவிர இதில் வேறு பாதுகாப்பு இல்லை.

யாருக்கு எது

மாதம் சில நூறு டாலர் வாங்கும் பிள்ளைக்கு நான் தயங்காமல் சொல்வது பதிவுபெற்ற எக்ஸ்சேஞ்சில் நேரடி விற்பனை. ரேட்டில் போகும் சில நூறு ரூபாய், கணக்கு முடங்காமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை. வாடகையும் அம்மா மருந்தும் அந்தக் கணக்கிலிருந்து போகும் வீட்டில் லியன் விழுந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். பி2பி இரண்டாவது, மேலே சொன்ன கட்டுப்பாடுகளோடு மட்டும். டெலிகிராம் குழுவில் விலை நிலவரம் கேட்கலாம், புது மோசடிகளைத் தெரிந்துகொள்ளலாம். அங்கே காயின் அனுப்ப வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டவர்கள் அழிக்கப்படும் முன் உரையாடலை முதலில் படம் பிடித்து வையுங்கள். பரிவர்த்தனை ஹாஷ் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள அடையாளக் குறி), வாலட் முகவரி, பணம் போன வங்கிக் கணக்கு எண் மூன்றையும் எழுதிக்கொண்டு 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். ரூபாயாகப் போயிருந்தால் முதல் சில மணி நேரத்தில்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். சைபர் கிரைம் காவல் நிலையம் சேலம் மாநகரத்துக்குத் தனி, மாவட்டத்துக்குத் தனி. அஸ்தம்பட்டிக்காரர் மாநகரத்துக்கும் ஏற்காட்டுக்காரர் மாவட்டத்துக்கும் போக வேண்டும். குழுவில் உங்கள் கதையைப் போட்டால், போன காசை மீட்டுத் தருகிறேன் என்று ஒருவர் டிஎம்மில் வருவார், முன்பணம் கேட்பார். அவருக்கும் நிறைய வவுச் இருக்கும். பதில் போடாமல் பிளாக் செய்துவிடுங்கள்.