பொதுச் சூளையோடு ஒன்பது வருடம்

சூளையின் கதவை அடைக்கும் மேல் வரிசைக் கல் அன்றைக்கு உள்ளே போகவில்லை. முந்தின தடவை சுட்டது வரைக்கும் இரண்டு விரலால் தள்ளினாலே போய் உட்கார்ந்த கல். ஓரத்தைச் செதுக்கிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். கூரை வளைவின் நடுவில் ஒரு வரிசை மட்டும் அரை அங்குலம் கீழே இறங்கித் தொங்கியது. அது 2024 அக்டோபர்.

ஆரோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆறு பேர் சேர்ந்து நடத்தும் பட்டறை எங்களுடையது. 2016இல் கட்டிய கேஸ் சூளை. உள்ளளவு மூன்றடிக்கு மூன்றடி, உயரமும் மூன்றடி. தீ மேலே ஏறி, வளைவில் முட்டி, பாண்டங்களுக்கு நடுவே கீழிறங்கி, தரைத் துளை வழியாகப் புகைபோக்கிக்குப் போகும் அமைப்பு. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கம் ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் சுடும் கெட்டிப் பாண்ட வேலை வேர்பிடித்துவிட்டது. பர்னர் திணறினாலும் பாண்டத்தின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸ் கொப்பளித்தாலும் சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் கேட்க ஆள் உண்டு. புதிதாக சூளை கட்ட நினைப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பலம் என்பதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

வளைவு இறங்கியதற்குக் காரணம் சூடு இல்லை, கடல் காற்று. வளைவு எப்போதும் இரண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலைத் தாங்குவது வெளியே போட்ட ஆங்கிள் சட்டமும், எதிரெதிர் ஆங்கிளை இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பியும்தான். எட்டு வருட உப்புக் காற்றில் ஒரு கம்பி மரையிலேயே அரித்துப்போயிருந்தது. சட்டம் கொஞ்சம் விரிந்தது, வளைவு அந்த அளவுக்குத் தளர்ந்து இறங்கியது. சூளைக்குள் என்ன நடக்கிறது என்று மணிக்கணக்கில் பார்க்கிற நாங்கள், வெளியே இருக்கிற இரும்புக்கு வருடம் ஒரு முறை பெயிண்ட் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

மழை விட்டதும் பிரிக்கலாம் என்று விட்டுவைத்தோம். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கொட்டகையின் தகரம் பறந்து, இரவு முழுக்கப் பெய்த மழை நேராக சூளைக்குள் இறங்கியது. விடிந்து போய்ப் பார்த்தபோது இன்சுலேஷன் செங்கல் ஒவ்வொன்றும் பாலில் ஊறின ரஸ்க் போல நீர் குடித்திருந்தது. அதன் பிறகு யோசிக்க எதுவும் இல்லை. தரையையும் புகைபோக்கியையும் வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் பிரித்தோம்.

பழைய கல்லில் பாதிக்கு மேல் தேறியது. ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டி, நிழலில் அடுக்கி, பொங்கல் வரை காய விட்டோம். சுரண்டும்போதும் அறுக்கும்போதும் மாஸ்க் இல்லாமல் யாரையும் உட்கார விடவில்லை. இந்தத் தூளில் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் தங்கினால் போகாது.

கட்டுவதற்கு ஊர் மேஸ்திரி வந்தார். வீட்டுச் சுவர் கட்டிப் பழகின கை. முதல் வரிசையிலேயே அரை அங்குலம் கலவை வைத்தார். சூடு தாங்கும் தீக்களிமண்ணை மோர் பதத்துக்குக் கரைத்து, கல்லைத் தண்ணீரில் முக்கி எடுத்து, மெல்லிசாகத் தேய்த்து ஒட்டிக் காட்டினேன்.

“என்னம்மா, தோசைக்கு எண்ணெய் தடவுற மாதிரி தடவுறீங்க. நிக்குமா?”

“நிக்கும் மேஸ்திரி. தடிமனா வெச்சா சூட்டுல வெடிச்சு உதிர்ந்துடும். கல்லோட எடைதான் கல்லைப் பிடிச்சுக்கணும்.”

மூன்றாவது வரிசைக்கு அவர் என்னைவிடச் சுத்தமாகச் செய்தார்.

வளைவுக்கு அகலத்தில் அடிக்கு ஒன்றரை அங்குலம் எழுச்சி என்பது பொதுக் கணக்கு. மூன்றடிக்கு நாலரை அங்குலம். பலகையில் அச்சு செய்து, அடியில் ஆப்பு வைத்து நிறுத்தி, இரண்டு பக்கமிருந்தும் கல் அடுக்கிக்கொண்டே வந்து, நடுவரிசையை மரச் சுத்தியலால் தட்டி இறக்கினோம். புதுக் கம்பிகளை முடுக்கிய பிறகுதான் ஆப்பை உருவினோம். அச்சு இறங்கிய நொடியில் கல் எல்லாம் சேர்ந்து ‘க்ரக்’ என்று ஒரு சத்தம் போட்டு உட்கார்ந்தது. மேஸ்திரி உட்பட ஏழு பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். வளைவு நின்றது.

முதல் தீ பாண்டம் வைக்காமல். ஒரே பர்னர், விளக்குச் சுடர் அளவுக்கு, இரண்டு நாள். பார்வைத் துளைக்கு நேராக எவர்சில்வர் தட்டைக் காட்டுவோம். பனித்தால் உள்ளே இன்னும் ஈரம். இரண்டாம் நாள் சாயங்காலம்தான் தட்டு தெளிவாக இருந்தது. இதில் அவசரப்பட்டால் ஆவி கல்லைப் பிளந்துவிடும்.

இப்போது கோன் 10க்கு, அதாவது அந்த எண்ணுள்ள சிறு மண் கூம்பு வளையும் கிட்டத்தட்ட 1,280 டிகிரிக்குப் போக பதினோரு மணி நேரம் ஆகிறது. 19 கிலோ சிலிண்டர் முன்பு மூன்று தீரும். இப்போது மூன்றாவதில் பாதி மிஞ்சுகிறது. ஒரே சிலிண்டரிலிருந்து வேகமாக இழுத்தால் அது வெளியே பனி பூத்து அழுத்தம் விழுந்துவிடும் என்பதால், நான்கைச் சேர்த்துக் கட்டி அண்டாத் தண்ணீரில் நிற்க வைக்கிறோம். 900 டிகிரி தாண்டியதும் புகைபோக்கியை அடைக்கும் தகடான டாம்பரைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால், உள்ளே காற்று குறைந்து, பார்வைத் துளையில் ஆரஞ்சு நாக்கு மெதுவாக நீளும். செம்பு கிளேஸ் சிவப்பாவதும், நூற்றுக்கு ஒரு பங்கு இரும்பு போட்ட செலடான் கிளேஸ் பச்சையாவதும் அந்த நாக்கை நம்பித்தான். சூடு காட்டும் பைரோமீட்டரை நான் வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். உள்ளே நீட்டியிருக்கும் அதன் உணர்கம்பியான தெர்மோகப்பிள் வயதாக ஆகக் குறைத்துக் காட்டுகிறது. கோன் வளைந்தால்தான் சூளை முடிந்தது.

பொதுச் சூளையில் பட்ட பெரிய அடி ஒன்று உண்டு. 2019இல், அப்போது வந்து பழகிக்கொண்டிருந்த ஒருவரின் குவளை ஏரி மண்ணில் செய்தது. ஸ்டோன்வேரோடு கலந்து உள்ளே போய்விட்டது. ஆயிரம் டிகிரிக்குள் சுட வேண்டிய மண். பிரித்த அன்று அந்தக் குவளை இருந்த இடத்தில் கறுப்பு வெல்லப்பாகு போல ஒரு குட்டை. அது வழிந்து கீழ்த் தட்டில் இருந்த நான்கு கிண்ணங்களையும் பிடித்துக்கொண்டது. அந்தப் பிள்ளை அழுதுவிட்டாள். தப்பு எங்களுடையது. எல்லா மண்ணும் ஒரே அலமாரியில் காய்ந்தால் இதுதான் நடக்கும். அன்று முதல் ஏரி மண் வேலைக்குத் தனி அலமாரி, அடியில் கீறின கோடு. அடுக்குபவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். வழிந்தது ஒட்டாமலிருக்க சூளைத் தட்டுகளுக்கு அலுமினாவும் சீனாக்களிமண்ணும் சமபங்கு கலந்து பூசுவதையும் அன்றிலிருந்து யாரும் தள்ளிப்போடுவதில்லை.

சூளை நோட்டு பற்றியும் சொல்ல வேண்டும். மணிக்கொரு தடவை சூடு, கேஸ் அழுத்தம், டாம்பர் எத்தனை அங்குலம், அன்று மழையா வெயிலா, யார் முறை, எல்லாம் எழுதுகிறோம். இரவு முறைக்கு வருகிறவர் யாரையும் எழுப்பிக் கேட்காமல் தொடர முடிவது அதனால்தான். புது சூளை பழையதைவிட வேகமாக ஏறுவதும், மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகம் மாறி விரியும் 573 டிகிரியை, இன்னும் சுடாத பச்சைப் பாண்டங்களோடு பொறுமையாகக் கடக்க வேண்டியிருப்பதும் நோட்டைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. கதவுப் பக்கம் கீழ் இடது மூலை மற்ற இடத்தைவிட அரை கோன் பின்தங்குகிறது. அங்கே வைத்த சிவப்பு எல்லாம் சாம்பல் பூத்து வெளியே வருகிறது. பர்னருக்கு எதிரே கலவை இல்லாமல் அடுக்கியிருக்கும் தடுப்புச் சுவரில் ஒரு வரிசையை எடுத்தால் தீ கொஞ்சம் தாழ்ந்து அந்த மூலைக்கும் போகும் என்று நினைக்கிறோம். அடுத்த சூளை வரும் வியாழன். அந்த மூலையில் என் கிண்ணங்களைத்தான் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.