ஃபால்ஸ் சீலிங்கில் புரொஜெக்டர் மாட்டப் போகிறீர்களா? 18,400 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

18,400 ரூபாய். இன்று மதியம்தான் அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தேன். ஆறப்போட்டால் பாதியை மென்று முழுங்கிவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். வீட்டு ஹாலில் புரொஜெக்டர் மாட்ட நினைக்கிற மதுரைக்காரர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். சீலிங் மவுண்ட்டை, அதாவது புரொஜெக்டரைக் கூரையில் தொங்கவிடும் தாங்கியை, எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு ஆனையூர்ப் பக்கம். அம்மாவுக்கு முழங்கால் போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்பெல்லாம் தல்லாகுளத்தில் எதிர்சேவை பார்த்து, ராத்திரி முழுக்கக் கண் விழித்து, அழகர் ஆற்றில் இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு வருவார். இப்போது கூட்டத்துக்குள் கூட்டிப்போக முடியாது. நேரலையைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டுவோம், அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று அம்மா நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் புரொஜெக்டரே வாங்கினோம். அந்த புரொஜெக்டர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எடை மூன்று கிலோகூட வராது.

மவுண்ட்டுக்காகப் போனது வேறு கடை. சிசிடிவி, ஸ்பீக்கர், புரொஜெக்டர் சாமான் எல்லாம் விற்று, ஆள் அனுப்பி மாட்டியும் கொடுக்கிற கடை. பெயரைச் சொல்லப் போவதில்லை. கூரையை ஒட்டினாற்போல் இருக்கும் மாடல் வேண்டும், கம்பி தொங்கினால் ஹால் அசிங்கமாக இருக்கும் என்று நான்தான் கேட்டேன். அதை மறைக்கவில்லை. ஆனால் எதற்கு வாங்குகிறோம் என்று ஓனர் கேட்டபோது அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பையனை அனுப்பி நன்னாரி சர்பத் வாங்கிவரச் சொன்னார். "அழகரைப் பெருசா பார்க்கட்டும்மா. எங்க அம்மாவுக்குச் செய்யுற மாதிரி செஞ்சு தர்றேன்" என்றார். எனக்கு அந்த இடத்தில் மனசு இளகிவிட்டது. போனில் எடுத்து வைத்திருந்த 1,100 ரூபாய் மவுண்ட்டைக் காட்டினேன், இறக்கி ஏற்றிக்கொள்கிற கம்பி வைத்தது. ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதெல்லாம் தகரம்மா, அம்மா இருக்கிற வீட்டுல இதையா மாட்டுவீங்க?" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. மவுண்ட் 4,200, மாட்டுக்கூலி 1,500. இரண்டையும் அவருடைய நம்பருக்கே ஜிபே செய்தேன். ஜிஎஸ்டி பில் போட்டால் 18 சதவீதம் கூடும் என்று சொல்லி, எஸ்டிமேட் என்று அச்சடித்த மஞ்சள் தாளில் எழுதிக் கொடுத்தார்.

இத்தனை அக்கறையாகப் பேசிய மனிதர் மூன்று கேள்வி கேட்கவில்லை. வீட்டில் ஃபால்ஸ் சீலிங்கா, அதாவது கான்கிரீட்டுக்குக் கீழே பலகை அடித்த போலிக் கூரையா? ஃபேன் எங்கே தொங்குகிறது? திரை எந்த உயரத்தில் இருக்கிறது? பக்கத்தில் உட்கார்ந்து சர்பத் குடித்த நேரத்தில் இதைக் கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாட்ட வந்த தம்பி ஏணியில் ஏறி, சீலிங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, கீழே இறங்கிப் போய் போனில் பேசினான். திரும்பி வந்து, "சேனல் கிடைச்சிருச்சுக்கா, ஒண்ணும் பிரச்சனையில்லை" என்று (சேனல் என்றால் பலகையைத் தாங்குகிற இரும்புச் சட்டம்) நான்கு ஓட்டை போட்டு, ஸ்க்ரூவைப் பிடிக்கிற பிளாஸ்டிக் பிளக் அடித்து மாட்டிவிட்டான். அரை மணி நேர வேலை.

அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. எங்கள் ஹாலில் திரைக்கும் புரொஜெக்டருக்கும் நடுவில் ஃபேன். கூரையை ஒட்டி மாட்டியதால் லென்ஸ் ஏறக்குறைய ஃபேன் இறக்கையின் மட்டத்துக்கே வந்துவிட்டது. ஃபேனைப் போட்டதும் படத்தின் மேல்பாதி முழுக்க இறக்கை நிழல் வெட்டி வெட்டி ஓடியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். படமும் உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டது. தலைகீழாக மாட்டும் இந்த வகைப் புரொஜெக்டரில் படத்தின் மேல் விளிம்பு லென்ஸுக்குச் சற்றுக் கீழேதான் தொடங்கும். 100 அங்குலப் படம் என்றால் உயரம் நான்கடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், எங்கள் ஹாலில் படத்தின் அடி விளிம்பே தரையிலிருந்து நான்கடிக்கு மேல் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் முழுப் படத்தையும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். படத்தைக் கீழே இறக்க அந்தத் தம்பி புரொஜெக்டரைக் குனிய வைத்து, கீஸ்டோனை (சாய்வால் கோணலாகும் படத்தை நேராக்கும் வசதி) இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தான். கீஸ்டோன் போட்டால் படம் சுருங்கும், எழுத்து மங்கும்.

ஓனருக்குப் போன் போட்டேன். "ஃபேனை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க மேடம், ஏசி இல்லையா?" என்றார். இல்லை. சித்திரை வெயிலில், மதுரையில், ஃபேனை நிறுத்திவிட்டு வயதான அம்மா உட்கார வேண்டுமாம். கடையில் "அம்மா, அம்மா" என்று பேசியவர் அன்றிலிருந்து என்னை "மேடம்" ஆக்கிவிட்டார்.

புதன்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு டமார் என்று சத்தம். ஓடிப்போய் லைட்டைப் போட்டால், அம்மாவின் ஈசி சேருக்கு ஒரு முழ தூரத்தில் புரொஜெக்டர் குப்புறக் கிடக்கிறது. லென்ஸ் விரிசல் விட்டிருந்தது. அம்மா நல்லவேளை உள் அறையில் தூங்கினார். மவுண்ட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான்கு ஸ்க்ரூவும் பிளக்கோடு அப்படியே அதில் தொங்கின. பிளக்கின் பல்லிடுக்கில் வெள்ளை வெள்ளையாக ஜிப்சம் மாவு. விரலால் தேய்த்தேன், கோலமாவு மாதிரி உதிர்ந்தது. சேனலும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. அரை அங்குல ஜிப்சம் பலகையில் மூன்று கிலோவைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே சுற்றுகிற ஃபேனின் அதிர்வு வேறு.

சர்வீஸ் சென்டரில் கீழே விழுந்ததற்கு வாரண்ட்டி கிடையாது என்றார்கள். லென்ஸும் மேல்மூடியும் மாற்ற 12,700. ஆக 4,200, 1,500, 12,700. மொத்தம் 18,400. சீலிங்கில் விழுந்த ஓட்டையை நான் இதில் சேர்க்கவே இல்லை. அழகர் இறங்கியதை அம்மா என் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முதல் நாள், "பையனை அனுப்புறேன்." இரண்டாம் நாள், "திருவிழா நேரம் மேடம், ஆள் இல்லை." மூன்றாம் நாள் போனை எடுக்கவில்லை. உடைந்த புரொஜெக்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நேரில் போனேன். முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார். பிறகு மவுண்ட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன பழுது? 15 கிலோ தாங்கும்னு பெட்டியிலேயே போட்டிருக்கு. உங்க சீலிங் சரியில்லை" என்றார். அந்த 15 கிலோ இரும்புக்குச் சொன்னது. அதை எதில் மாட்டுகிறோமோ அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். மாட்டினது எங்க ஆள் இல்லை, காண்ட்ராக்ட் என்றார். அப்படியென்றால் மாட்டுக்கூலி 1,500 எப்படி உங்கள் நம்பருக்கு வந்தது என்று ஜிபே ரசீதைக் காட்டினேன். உடனே, "வீட்டுல சாரை வரச் சொல்லுங்க, அவர்ட்ட பேசிக்கிறேன்" என்றார். பணம் என்னுடைய சம்பளம். பேரம் பேசியது நான். வாங்கும்போது சார் தேவைப்படவில்லை.

மாட்டிய தம்பியை எப்படியோ பிடித்தேன். "அக்கா, பலகைதான் இருக்கு, மேல கான்கிரீட்டுல ராடு விட்டு மாட்டணும்னு நான் அன்னைக்கே சொன்னேன்க்கா. அவர்தான் அப்படியே மாட்டிட்டு வாடான்னாரு." கீழே இறங்கிப்போய்ப் பேசிய போன் அதுதான். தெரிந்தே செய்திருக்கிறார். இன்று மறுபடி போனேன். மஞ்சள் தாளின் அடியில் இருக்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரியைப் பேனாவால் தட்டிக் காட்டினார். அவ்வளவுதான். 18,400 ரூபாய்க்கு ஒரு பேனாத் தட்டு.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது என்னால் முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஃபால்ஸ் சீலிங் என்றால் மேலே கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் அடித்து, அங்கிருந்து ராடு இறக்கித்தான் மாட்ட வேண்டும், வெறும் பலகையில் ஒருபோதும் கூடாது. நடுவில் ஃபேன் இருந்தால் கூரையை ஒட்டிய மாடல் வேண்டாம், லென்ஸ் ஃபேன் இறக்கைக்குக் கீழே வருகிற மாதிரி கம்பி வைத்ததே வாங்குங்கள். அந்த 1,100 ரூபாய் மாடல்தான் எங்கள் ஹாலுக்குச் சரியாக இருந்திருக்கும். லென்ஸை மேலே கீழே நகர்த்தும் வசதி உங்கள் புரொஜெக்டரில் உண்டா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் திரையின் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். சூடான காற்று வெளியே வரும் பக்கத்தை அடைக்காமல் இடம் விடச் சொல்லுங்கள்.

பில் கட்டாயம் வாங்குங்கள். பில் தர மறுப்பதும், பழுதான பொருளையோ சேவையையோ 30 நாளுக்குள் திரும்ப ஏற்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தப்பு என்று ஆபீஸில் ஒருவர் காட்டினார். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நாளைக் காலையில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அடிக்கப் போகிறேன். மஞ்சள் எஸ்டிமேட் தாளோடு இதே மாதிரி ஏமாந்தவர்கள் மதுரையில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.