பாவமில்லாமல் வாழ முடியுமா? முதுநகரில் நான்கு சனிக்கிழமை

கடலூர் முதுநகரில் ஒரு கடைக்கு மேலே மாடியில் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு நடக்கும் வேதபாட (பைபிள்) வகுப்புக்கு நான்கு வாரம் போய் வந்தேன். கட்டணம் இல்லை, குறிப்பேட்டுக்கு மட்டும் 60 ரூபாய். பாயில்தான் உட்கார வேண்டும், வயதானவர்களுக்கு நாற்காலி உண்டு, நடுவில் சுக்குக் காபி தருகிறார்கள். கொசு அதிகம். நான்கு வாரமும் ஒரே கேள்விதான்: இயேசுவை நம்பி இரட்சிக்கப்பட்டவர் பாவமில்லாமல் வாழ முடியுமா?

ஞானஸ்நானம் எடுத்து 11 வருடமாகியும் கோபம் வந்தால் என் வாய் அடங்குவதில்லை, மனைவியைச் சுடச்சுடப் பேசிவிட்டு ராத்திரி ஜெபத்தில் அழுவேன், மறுநாளும் அதே கதைதான். அதனால் பைபிளில் யோவானின் முதல் நிருபத்தில் (கடிதத்தில்), அதாவது 1 யோவான் 3:9-இல் "தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்" என்று படிக்கும்போதெல்லாம், அப்படியானால் நான் தேவனால் பிறந்தவனே இல்லையோ என்று பயம் வந்துவிடும்.

வகுப்பு எடுத்த ஐயா அந்த வசனத்தைத் தாண்டிப் போகவில்லை. அதே நிருபத்தின் 1:8-ஐப் பக்கத்தில் வைத்தார்: "நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்." ஒரே நிருபம் இரண்டையும் சொல்கிறதே, எப்படி? ஒருவரைப் பற்றி "அவர் குடிக்கமாட்டார்" என்றால் வாழ்நாளில் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை என்றா அர்த்தம், அது அவருக்குப் பழக்கம் இல்லை என்றுதானே எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்டார். கிரேக்க மூலத்தில் அந்த வினை நிகழ்காலத்தில் இருப்பதால், பாவத்திலேயே தொடர்ந்து நடக்கமாட்டான் என்று பலர் பொருள் கொள்கிறார்களாம். எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது. பிறகு 2:1-ஐ வாசித்தார். பாவம் செய்யாதபடிக்கு எழுதுகிறேன் என்று தொடங்குகிற அதே வசனம், ஒருவன் செய்துவிட்டால் பிதாவிடம் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார் என்றும் சொல்கிறது. எத்தனையோ முறை வாசித்த வசனம்தான், அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் வாரம், இதே கேள்விக்குப் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரும் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் சொன்ன பதில்கள். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான் என்பது லூத்தர் கருத்து. வெஸ்லியோ அன்பில் பூரணப்படுவது இந்த வாழ்விலேயே சாத்தியம் என்று போதித்தார், ஆனால் அவர் கணக்கில் பாவம் என்பது தெரிந்த கட்டளையை வேண்டுமென்றே மீறுவது. தான் அந்த நிலையை அடைந்துவிட்டதாக அவர் உரிமை கோரவில்லை. இந்த வாரம் அவசரமாக முடிந்தது, இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்திருக்கலாம்.

குறை என்றால் கடைசி வாரம்தான். வெளியூரிலிருந்து வந்த சபை ஊழியர் ஒருவர், போன மாதம் முழுக்கப் பாவம் செய்யாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். சிலர் தூக்கினார்கள். என் பக்கத்தில் இருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார், ஜெபம் முடிவதற்குள் எழுந்து போய்விட்டார். மூன்று வாரம் பொறுமையாகக் கட்டியதை ஒரே நிமிடத்தில் இடித்த மாதிரி இருந்தது. இப்படிக் கை தூக்கச் சொன்னால் மனிதர்கள் பாவத்தை விடமாட்டார்கள், ஒளித்து வைக்கத்தான் பழகுவார்கள். ஐயாவிடம் நேரில் சொன்னேன், இனி அப்படி நடக்காது என்றார்.

என் வீட்டில் கோபம் போய்விடவில்லை. ஆனால் இப்போது ராத்திரி ஜெபம் வரைக்கும் காத்திருக்காமல் அங்கேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். சரி, போகிறவர்கள் சொந்த வேதாகமம் கொண்டு போங்கள், 8 மணிக்கு முடியும் என்பார்கள், எட்டரை ஆகிவிடும். அடுத்தது ரோமர் 7-ஆம் அதிகாரம். அந்த அக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன், இன்னும் பதில் சொல்லவில்லை.