குடலைத் தாண்டிய சால்மொனெல்லா: செஃப்ட்ரியாக்சோனா, சிப்ரோவா?

சால்மொனெல்லா வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கே வேண்டாம். உப்புச் சர்க்கரைக் கரைசலும் ஓய்வும் போதும், சில நாளில் தானாக அடங்கிவிடும். அவசரப்பட்டு மருந்து கொடுத்தால் கிருமி மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும் காலம் நீளவும் கூடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் போன்ற சிலருக்குத்தான் விதிவிலக்கு. ஆனால் அதிகபட்சம் 5 சதவீதம் பேருக்கு இந்தக் கிருமி குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் இறங்கிவிடுகிறது. அப்புறம் அது எலும்பில் உட்காரலாம், மூளை உறைக்குப் போகலாம், வயதானவர்களின் மகாதமனிச் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்) சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். அப்போது செஃப்ட்ரியாக்சோன் ஊசியா, சிப்ரோஃப்ளாக்சசினா (சுருக்கமாகச் சிப்ரோ), எந்த ஆன்டிபயாடிக் என்பதில்தான் இழுபறி.

முதலில் செஃப்ட்ரியாக்சோன். அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 8 மணி நேரம் என்பதால் நாளுக்கு ஒரு ஊசி போதும், மூளை உறை அழற்சி என்றால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. அழற்சி கண்ட மூளை உறையைத் தாண்டி உள்ளே போகிறது என்பதுதான் இதன் பெரிய பலம். பலவீனமும் உண்டு. சால்மொனெல்லா நம் உடலின் விழுங்கணுக்களுக்குள்ளேயே ஒளிந்து பெருகும், செஃப்ட்ரியாக்சோனோ செல்லுக்குள் அவ்வளவாக நுழையாது. அதனால் மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே காய்ச்சல் நாலைந்து நாள் இழுக்கலாம், வீட்டார் பதறுவார்கள், மருத்துவரும் கொஞ்சம் பதறுவார். மஞ்சள் காமாலை உள்ள பச்சிளங்குழந்தைக்கு இது ஆகாது, ரத்தப் புரதமான அல்புமினைப் பிடித்திருக்கும் பிலிருபினை (காமாலையில் மஞ்சள் நிறம் தரும் பொருள்) தள்ளிவிடும். அங்கே செஃபோடாக்சைம் நல்லது.

சிப்ரோஃப்ளாக்சசின் இதற்கு நேர் எதிர். செல்லுக்குள் நன்றாகப் போகும், எலும்பிலும் போதுமான அளவு சேரும். வாயால் சாப்பிட்டாலே சுமார் 70 சதவீதம் ரத்தத்துக்கு வந்துவிடுவதால் நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாம் (பாலோடும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடும் சேர்த்து விழுங்காத வரைக்கும்). காகிதத்தில் பார்த்தால் இதுதான் ஜெயிக்க வேண்டும். தோற்பது மருந்து எதிர்ப்பில்.

அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். லேப் ரிப்போர்ட்டில் சிப்ரோவுக்கு எதிரே 'எஸ்' என்று இருக்கும், கிருமி மருந்துக்குக் கட்டுப்படும் என்று அர்த்தம். பக்கத்திலேயே எம்ஐசி, அதாவது கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச மருந்து அளவு, 0.25 (ஒரு மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம்) என்று இருக்கிறது. பழைய வரம்பு 1 என்பதால் அது அப்போது 'எஸ்'. ஆனால் அப்படிப்பட்ட கிருமிகள் சிப்ரோவில் சரியாக அடங்காமல் போனது தெரியவந்து, 2012-இல் லேப் சோதனைகளுக்குத் தர விதிகள் வகுக்கும் அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ அமைப்பு வரம்பை 0.06-க்கு இறக்கியது. அதே கிருமி, அதே 0.25, இப்போது 'எஸ்' இல்லை. அதனால் சிப்ரோ விஷயத்தில் எழுத்தை விட எண்ணைத்தான் நம்புவேன்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 50 வயதைத் தாண்டி, தமனியில் கொழுப்புப் படிந்தவர்களின் மகாதமனி என்றால் சால்மொனெல்லாவுக்குக் கொள்ளைப் பிரியம். சிப்ரோ குடும்ப மருந்துகளால் மகாதமனி வீங்கிக் கிழியும் அபாயம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 டிசம்பரில் எச்சரித்தது. கிருமியும் மருந்தும் ஒரே குழாயைக் குறிவைத்தால் எப்படி?

என் கணக்கு இதுதான்: ரத்த கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்தவுடன் செஃப்ட்ரியாக்சோனில் தொடங்கு, எம்ஐசி கைக்கு வந்து அது உண்மையிலேயே குறைவாக இருந்து, மகாதமனியில் சிக்கல் இல்லை என்று தெரிந்தால் சிப்ரோ மாத்திரைக்கு மாறு.

அசித்ரோமைசினைப் பலர் கேட்பார்கள். சிக்கலில்லாத டைஃபாய்டில் (அதுவும் ஒரு வகைச் சால்மொனெல்லாவால் வருவதுதான்) அருமையான மருந்து, செல்லுக்குள் குவிந்து கிடக்கும். ஆனால் ரத்தத்தில் அதன் அளவு மிகக் குறைவு. ரத்தக் குழாய்ச் சுவரிலோ மூளை உறையிலோ தொற்று இருந்தால் அதை நம்பி இறங்க முடியாது.

ஜென்டாமைசின் சுத்தமான பொறி. லேபில் கிருமி வளர்க்கும் தட்டில் சோதித்தால் சால்மொனெல்லாவை அழகாகக் கொல்லும், உடம்புக்குள் எடுபடாது. அதனால்தான் அதை 'எஸ்' என்று ரிப்போர்ட்டில் காட்டவே கூடாது என்று லேப்களுக்கு விதி இருக்கிறது. மெரோபெனம் பூட்டி வைக்க வேண்டிய மருந்து, ஈஎஸ்பிஎல் நொதி சுரந்து செஃப்ட்ரியாக்சோனை உடைக்கும் கிருமி என்றால் மட்டும் எடுக்கலாம். 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவிய டைஃபாய்டு கிருமி செஃப்ட்ரியாக்சோன், சிப்ரோ இரண்டுக்குமே அடங்கவில்லை. கையில் மிஞ்சியவை அசித்ரோவும் மெரோபெனம் வகையும்தான்.

இதுவரை சொன்னது சால்மொனெல்லாவுக்கு மட்டும். குடல் வழியாக வந்து ரத்தத்துக்குத் தாவும் வேறு சில கிருமிகளிடம் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். லிஸ்டீரியாவிடம் செஃப்ட்ரியாக்சோன் சுத்தமாகச் செல்லாது, ஆம்பிசிலின்தான் வேண்டும். வயதானவர், கர்ப்பிணி, காய்ச்சலோடு தலைவலி என்றால் இது நினைவுக்கு வந்தாக வேண்டும். கேம்பிலோபாக்டர் ஃபீட்டஸும் ரத்தக் குழாயில் ஒட்டும் ரகம், அதற்கு மெரோபெனம் வகை. உடலில் இரும்புச் சத்து மிகுந்தவர்களைத் தாக்கும் யெர்சினியாவுக்கு செஃப்ட்ரியாக்சோனோ சிப்ரோவோ சரி.

நாள் கணக்கு தனி. ரத்தத்தில் மட்டும் என்றால் சுமார் 14 நாள், குழந்தையின் மூளை உறை என்றால் 4 வாரம், ரத்தக் குழாய் என்றால் குறைந்தது 6 வாரம், அதோடு பெரும்பாலும் அறுவை சிகிச்சையும். மருந்து தொடங்கி ஒரு வாரமாகியும் ரத்த கல்ச்சரில் கிருமி வளர்ந்துகொண்டே இருந்து, அறுபது வயதுக்காரர் முதுகு வலிக்கிறது என்றும் சொன்னால், மருந்தை மாற்றலாமா என்று யோசிப்பதற்கு முன் மகாதமனியை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.