செலஸ்டியன் வின்டேஜ் 30: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஹை கெய்ன் (ஆம்பில் ஒலியை மிகையாகப் பெருக்கி முரட்டுத்தனமாக்கும்) கிட்டார் வாசிப்புக்குச் செலஸ்டியன் நிறுவனத்தின் வின்டேஜ் 30 ஸ்பீக்கர் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன். பின்புறம் மூடிய, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட கேபினெட்டில் (பெட்டியில்) வின்டேஜ் 30 ஒன்றையும், அதே செலஸ்டியனின் ஜி12டி-75 ஒன்றையும் பொருத்திச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன்.

இன்றும் எரிச்சலூட்டுவது ஒன்றுதான். 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை வின்டேஜ் 30 தூக்கிக் காட்டும். தனியாக வாசிக்கையில் ஸ்பீக்கர் கோனின் (அதிரும் கூம்பின்) மையத்துக்கு நேரே காது அமைந்துவிட்டால், கெய்ன் ஏற ஏற அது ஊசியாகக் குத்துகிறது. சற்று விலகினாலோ ஒலி மழுங்கிவிடுகிறது. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் எதுவானாலும் உயர் அதிர்வெண்களைக் குறுகிய கற்றையாகத்தான் முன்னே அனுப்பும் என்பதால், பழி முழுவதையும் இதன்மேல் போடுவது நியாயமாகாது. ஆனால் கேபினெட் முழங்கால் உயரத்தில் கிடக்க, நின்றபடி வாசிப்பவர் ஒலி மங்கலாக இருக்கிறதென்று ஆம்பின் ட்ரெபிளை (உயர் ஒலிக் கட்டுப்பாட்டை) திருகிக்கொண்டே போவார். எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். முன்விளிம்பின் கீழ் ஒரு செங்கல்லைச் செருகி, ஸ்பீக்கர் நம் முகத்தைப் பார்க்கும்படி சாய்த்துவைத்த பிறகு ட்ரெபிளையும், ஒலியின் கூர்மையை மாற்றும் பிரெசென்ஸையும் தொட்டால் பாதித் தொல்லை தீரும்.

மீதிப் பாதியை ஜி12டி-75 தணிக்கும் என்பார்கள். அதன் மிட்ஸ் (நடு அதிர்வெண்கள்) உள்வாங்கியது, அடியொலி கனமானது என்பதால் அந்த நம்பிக்கையில் தவறில்லை. எனினும் வின்டேஜ் 30-இன் உணர்திறன் (ஒரு வாட்டுக்கு எழும் ஒலியளவு) 100 டெசிபெல், இதனுடையது 97. இரண்டும் 16 ஓம் என்பதால் ஆம்பின் ஆற்றலைச் சமமாகப் பங்கிட்டாலும், அந்த 3 டெசிபெல் இடைவெளியை ஈடுகட்ட ஜி12டி-75-க்கு இரு மடங்கு வாட் தேவைப்படும். எனவே கலவையில் எப்போதும் வின்டேஜ் 30-தான் முதலாளி.

செலஸ்டியனின் இன்னொரு ஸ்பீக்கரான கிரீன்பேக் பற்றியும் நண்பர் கேட்டார். பழைய ராக் ஒலிக்கு அது அருமையானது. ஆனால் இறக்கிச் சுருதி சேர்த்த தடித்த கம்பியில் பாம் மியூட் செய்தால் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அழுத்தியபடி வாசித்தால்) அடியொலி தளர்ந்து குழைகிறது. மேலும் ஒன்று 25 வாட்தான் தாங்கும் என்பதால், 100 வாட் ஹெட்டுக்கு (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்புக்கு) அவற்றில் குறைந்தது நான்கு வேண்டும்.

டிரம்ஸும் பாஸும் சேர்ந்த பிறகு கதையே மாறுகிறது. வீட்டில் பிரமாண்டமாக ஒலித்த ஜி12டி-75 அந்தக் கூட்டத்தில் காணாமல் போக, வாலியூமை ஏற்றாமலேயே ஒவ்வொரு பாம் மியூட்டையும் தெளிவாக எடுத்துக் கொடுப்பது வின்டேஜ் 30-இன் அதே குத்தல்தான். இசைக்குழுவோடு வாசிப்பவருக்கு இதைவிட உதவும் ஸ்பீக்கரை நான் கேட்டதில்லை.

ஆனாலும் வீட்டில் தனியாகவே வாசிக்கும் நண்பருக்கு, ஜி12டி-75 இரண்டை வாங்கிக்கொள்ளுமாறுதான் சொன்னேன். அப்படியானால் உங்கள் வின்டேஜ் 30-ஐ விற்றுவிடுவீர்களா என்றார். விற்பதாக இல்லை.