தாஸ்ஸாஸ் ஆரக்கிள்: இரண்டு நீல மானாவுக்கு ஒரு முழு வெற்றி

மேஜிக்: த கேதரிங் கார்டு ஆட்டத்தில் காலி டெக்கிலிருந்து கார்டு எடுக்க நேர்ந்தால் வழக்கமாகத் தோல்வி. ஆனால் டெக்கைக் காலி செய்தே ஜெயிக்கும் வழியும் புதிதல்ல. 2011இல் இன்னிஸ்ட்ராட் செட்டில் லேபரட்டரி மேனியாக் வந்தது, 2019இல் வார் ஆஃப் த ஸ்பார்க்கில் ஜேஸ், வீல்டர் ஆஃப் மிஸ்டரீஸ் வந்தது. இரண்டுக்கும் ஒரே பலவீனம்தான். டெக் காலியான பிறகு இன்னொரு கார்டு எடுத்தாக வேண்டும், அதுவரை அந்தக் கார்டு களத்தில் தாக்குப்பிடிக்க வேண்டும். எதிராளி இடையில் அதைத் தூக்கிவிட்டால் ஜெயிப்பதற்காக எடுக்கும் அதே கார்டு நம்மைத் தோற்கடித்துவிடும். 2020 ஜனவரியில் தீரோஸ் பியாண்ட் டெத் செட்டில் வந்த தாஸ்ஸாஸ் ஆரக்கிளுக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது.

இது ஒரு க்ரீச்சர். விலை இரண்டு நீல மானா (கார்டு போடச் செலவிடும் சக்தி), உடல் 1/3 (தாக்கும் வலு 1, தாங்கும் வலு 3). களத்துக்கு வந்ததும் ஒரு ட்ரிகர் (தானாகக் கிளம்பும் விளைவு) ஸ்டேக்கில், அதாவது நிறைவேறக் காத்திருக்கும் அடுக்கில், ஏறும். அது ரிசால்வ் ஆகும்போது (நிறைவேறும்போது) நம் நீல டெவோஷனைப் பார்க்கும், அதாவது களத்தில் உள்ள நம் பெர்மனன்ட்களின் விலையில் எத்தனை நீலக் குறிகள் இருக்கின்றன என்று. அந்த எண் டெக்கில் மிச்சமிருக்கும் கார்டுகளுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் நாம் ஜெயித்தோம். டெக் முழுக்கக் காலி என்றால் டெவோஷன் பூஜ்யமானாலும் போதும். ஆகவே டெக் காலியாகிவிட்டால், ட்ரிகர் ஏறிய பிறகு ஆரக்கிளைக் கொல்வதில் பயனில்லை.

கமாண்டர் ஆட்டவகையில் இதன் ஜோடி ஒரு கறுப்பு மானா விலையுள்ள டெமானிக் கன்சல்டேஷன். அது மேலே உள்ள ஆறு கார்டுகளை எக்ஸைல் செய்து (ஆட்டத்திலிருந்தே நீக்கி), பிறகு நாம் சொல்லும் பெயருள்ள கார்டு வரும்வரை மற்றவற்றையும் எக்ஸைல் செய்யும். டெக்கில் இல்லாத பெயரைச் சொன்னால் டெக்கே காலி. மொத்தம் மூன்று மானா. நான்கு பேர் மேசையில் மற்ற மூவருக்கும் தலா 40 லைஃப் இருந்தாலும் ஒரே நொடியில் முடிந்துவிடும். ஆனால் வரிசை மாறவே கூடாது. முதலில் ஆரக்கிள், அது களத்துக்கு வந்து ட்ரிகர் ஸ்டேக்கில் இருக்கும்போது அதற்கு எதிர்வினையாகக் கன்சல்டேஷன். தலைகீழாகப் போட்டு, பின்னால் வரும் ஆரக்கிள் கவுன்ட்டர் ஆனால் (எதிராளியால் ரத்தானால்), காலி டெக்கோடு அடுத்த ட்ராவில் தோல்விதான். சரியான வரிசையில் கன்சல்டேஷன் கவுன்ட்டர் ஆனாலும் பெரிய சேதமில்லை. ட்ரிகர் மேலே இரண்டு கார்டைப் பார்க்கும், ஒன்றை மேலே வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடரலாம்.

கன்சல்டேஷனுக்கான பெயரைப் போடும்போதே சொல்ல வேண்டியதில்லை, ரிசால்வ் ஆகும்போதுதான் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே உளறாதீர்கள். கற்பனைப் பெயர் செல்லாது, உண்மையில் அச்சான, நம் டெக்கில் இல்லாத ஒரு கார்டை முன்பே முடிவு செய்து வைத்திருங்கள். கன்சல்டேஷனை வைத்து ஆரக்கிளையே தேடுவதும் ஆபத்து. மேலே உள்ள ஆறு கார்டுகள் கண்ணை மூடிக்கொண்டு எக்ஸைல் ஆகும். டெக்கில் 90 கார்டு இருந்தால், ஆரக்கிள் அந்த ஆறில் மாட்டும் வாய்ப்பு பதினைந்தில் ஒன்று. மாட்டினால் முழு டெக்கும் போய்விடும்.

இரண்டாவது ஜோடி டெய்ன்டட் பேக்ட், டெக்கின் மேலிருந்து கார்டுகளை ஒவ்வொன்றாக எக்ஸைல் செய்வது. ஒரு மானா கூடுதல், ஆனால் ஆட்டத் தொடக்கத்தில் தேடுவதற்கும் நம்பகமானது. எங்கே நிறுத்துவது என்பது நம் கையில். ஒரே பெயரில் இரண்டு கார்டு வந்தால் அங்கேயே நின்றுவிடும் என்பதால் ஒவ்வொரு பேசிக் லேண்டும் (மானா தரும் அடிப்படைக் கார்டு) ஒன்றே ஒன்றுதான் வைக்கலாம். இன்னொரு ஐலண்ட் தேவையென்றால் ஸ்னோ-கவர்ட் ஐலண்ட் போடுங்கள், பெயர் வேறு என்பதால் சிக்கலில்லை.

எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு நல்ல ஆயுதம் ஸ்டிஃபிள், டிஷானாஸ் டைட்பைண்டர், கன்சைன் டு மெமரி போல ட்ரிகரையே கவுன்ட்டர் செய்பவை. கன்சல்டேஷன் ரிசால்வ் ஆகும்வரை பொறுத்திருந்து பிறகு போட்டால், ஆரக்கிள்காரர் டெக்கே இல்லாமல் நிற்பார். ஆனால் அந்த ஸ்டிஃபிளையும் அவர் பேக்ட் ஆஃப் நெகேஷனால் தடுத்துவிட்டால் கதை முடிந்தது. பேக்ட் ஆஃப் நெகேஷனின் கடனை அடுத்த அப்கீப்பில் (அவரது அடுத்த டர்னின் தொடக்கத்தில்) கட்ட வேண்டும், அந்த அப்கீப் வரப்போவதே இல்லை. ஸ்வான் சாங் என்ற கவுன்ட்டர் கார்டு க்ரீச்சரைத் தொடாது, கன்சல்டேஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டார்ப்பர் ஆர்ப் இருந்தால் ட்ரிகரே வராது. ரூல் ஆஃப் லா இருந்தால் ஒரே டர்னில் இரண்டையும் போட முடியாது. கிரேவ்யார்டு (பயன்படுத்திய கார்டுகள் போகும் இடம்) தடைகள் இங்கே வீண், எல்லாம் எக்ஸைலுக்குத்தான் போகிறது.

லெகஸி ஆட்டவகையில் கன்சல்டேஷன் தடை, அங்கே ஆரக்கிள், நம் டெக்கை ஐந்து கார்டாகச் சுருக்கும் டூம்ஸ்டே என்ற கார்டைச் சுற்றிய டெக்கின் முடிவாட்டம். கணக்கு அங்கே மாறும். டெக்கில் இரண்டு கார்டு மிச்சம் வைத்து ஆரக்கிளைப் போட்டால், ட்ரிகருக்கு எதிர்வினையாக வரும் ஒரு லைட்னிங் போல்ட் (3 சேதம் தரும் சிவப்புக் கார்டு) அந்த 1/3 உடலைக் கொன்று டெவோஷனைப் பூஜ்யமாக்கிவிடும். எதிரில் சிவப்பு இருந்தால் காலி டெக்குக்குத் திட்டமிடுங்கள். பயனியர் ஆட்டவகையில், டெக்கை எக்ஸைல் செய்யும் இன்வெர்ட்டர் ஆஃப் ட்ரூத்தோடு சேர்ந்து ஆடிய ஆட்டத்துக்கு 2020 ஆகஸ்டில் இன்வெர்ட்டர்தான் தடைக்குப் பலியானது, ஆரக்கிள் தப்பியது.

காம்போ இல்லாத டெக்கில் இது சாதாரணத் தடுப்பாளர், அங்கே இடம் கொடுக்காதீர்கள். நீலமும் கறுப்பும் உள்ள போட்டி கமாண்டர் டெக்கில் எங்கள் பரிந்துரை: ஆரக்கிள், கன்சல்டேஷன், டெய்ன்டட் பேக்ட் மூன்றும், கூடவே கேவர்ன் ஆஃப் சோல்ஸ் என்ற லேண்டு ஒன்று. கேவர்னுக்கு ஆரக்கிளின் வகைகளான விஸார்டு அல்லது மெர்ஃபோக் என்று சொன்னால், அதன் மானாவில் போட்ட ஆரக்கிளை யாரும் கவுன்ட்டர் செய்ய முடியாது. ஆட்டத்தையே மாற்றிவிடும் வலுவான கார்டுகளைக் குறிக்கும் கமாண்டரின் கேம் சேஞ்சர் பட்டியலில் 2025இல் ஆரக்கிளும் சேர்ந்தது. ஆகவே நிதானமாக ஆடும் மேசையில் உட்காரும்போது இது டெக்கில் இருப்பதை ஷஃபிளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.