கணுக்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு: ஒரு வருடம் தாண்டிய பிசியோ அனுபவம்

வலது கணுக்காலில் இரண்டு பக்க எலும்பும் முறிந்து, வெளிப்பக்கம் பிளேட்டும் உள்பக்கம் ஸ்க்ரூவும் வைத்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. திருகோணமலையில் இருந்துகொண்டே முழுப் பயிற்சியையும் செய்தேன். இதே நிலையில் இப்போது வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எலும்பு பொருந்திவிடும், அதற்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். கெண்டைக்கால் தசைக்குத்தான் கூடுதல் காலம் எடுக்கும். நோவு குறைந்ததும் பயிற்சியை விட்டால் நொண்டல் அப்படியே தங்கிவிடும்.

என் முறிவுக்கு முதல் 6 கிழமை காலை ஊன்றக் கூடாது என்றார்கள். அந்தக் காலத்தில் வீக்கத்தை அடக்குவதே பெரிய வேலை. கதிரையில் இருந்து ஸ்டூலில் காலை வைப்பது போதாது. படுத்து, தலையணைகளை அடுக்கி, பாதம் நெஞ்சை விட உயரமாக இருக்க வேண்டும். கெண்டைக்கால் திடீரென இறுகி நோவெடுத்தாலோ மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். இரத்தக்கட்டி அப்படித்தான் காட்டிக்கொள்ளும்.

பெரியம்மா நோவுக்குப் பூசும் எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். தையல் காயம் முழுதாக ஆறும்வரை எண்ணெய் படக்கூடாது என்று பிசியோ மிஸ் சொன்னதைக் கேட்டு, போத்தலை அலுமாரிக்குள் வைத்தார். காயம் ஆறியபின் தேங்காயெண்ணெய் தொட்டு, தழும்பின் மேல் பெருவிரலால் அழுத்தி வட்டமாகத் தேய்க்கச் சொன்னார்கள். அதைப் பெரியம்மாவே இரவுகளில் செய்துவிட்டார். தோல் எலும்போடு ஒட்டினாற்போல் இறுகியிருந்த இடம் மெல்ல இளகி வந்தது.

பிளாஸ்டர் கழற்றிய அன்று மிஸ் சொன்னது: "ரீச்சர், இதோட முடிஞ்சுதெண்டு நினைக்காதீங்க. இனித்தான் உங்கட வேலை." கிளினிக்கில் கூட்டம் இருக்கும், அடுத்த முறை போக நாளாகும். அதனால் ஒவ்வொரு பயிற்சியையும் அவர் செய்துகாட்டும்போதே போனில் வீடியோ எடுத்துக்கொண்டேன். இதை எல்லோரும் செய்யலாம்.

தொடக்கத்துக்கு ஒரு துவாய் போதும். காலை நீட்டி உட்கார்ந்து, முன்பாதத்தைச் சுற்றிப் போட்டு உங்கள் பக்கம் இழுக்க வேண்டும். அப்புறம் ரப்பர் பட்டி: மஞ்சளில் தொடங்கி, சிவப்பு, பச்சை, நீலம் என்று பலம் கூடிக்கொண்டு போகும். பாதத்தை மேலே, கீழே, உள்ளே, வெளியே என நான்கு பக்கமும் தள்ள வேண்டும். எங்கள் ஊர் வெக்கையில் பட்டி பிசுபிசுத்து ஒட்டிக்கொள்கிறது. கொஞ்சம் பவுடர் தடவி, வெயில் படாத இடத்தில் வைத்தால் நிற்கும். ஓரத்தில் சின்னக் கீறல் தெரிந்தாலே மாற்றிவிடுங்கள்.

எனக்கு அதிகம் பலன் தந்தது சுவர்ப் பயிற்சி. குதிக்கால் தரையை விட்டு எழாமல், முழங்காலை மடித்து, அந்த முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். பெருவிரல் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்குக் கணுக்கால் மடிகிறது. குசினிச் சுவரோரம் தரையில் பென்சிலால் கோடு போட்டேன். இடது கால் நான்கு விரல் அகலம் தள்ளி நின்றே தொட்டது. வலது கால் சுவரோடு ஒட்டி நின்றும் தொடவில்லை. குந்தும் மலசலகூடம் உள்ள வீடுகளில் இந்த மடிப்பு வந்தே ஆக வேண்டும். இதை நீங்களே பிசியோவிடம் கேளுங்கள்.

குதிக்காலை உயர்த்துவதும் அப்படித்தான். இரண்டு காலில் எழும்பி, நோவுள்ள காலில் மட்டும் மெதுவாக இறங்குவது முதல் கட்டம். ஒற்றைக் காலில் எழும்பப் பார்த்தபோது குதிக்கால் ஒரு விரல் அளவு உயர்ந்து, நடுங்கி, இறங்கிவிட்டது. பல மாதம் அங்கேயே நின்றது. மனம் சோர்ந்துபோகும் காலம் அதுதான்.

"கடற்கரை மண்ணில் நட, சரியாகிடும்" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். காய்ந்த மணல் புதையும். தொடக்கத்தில் வேண்டவே வேண்டாம். எங்கள் ஊருக்குப் பக்கத்து உப்புவெளிக் கடற்கரையில் அலை நனைத்த கெட்டி மணல் நல்லது, ஆனால் கரை சரிந்திருப்பதால் பாதம் ஒரு பக்கம் சாயும். போன தூரமே திரும்பியும் நடந்தால் சாய்வு இரண்டு பக்கமும் சமமாகும். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் இடுப்பளவு தண்ணீரில் நடப்பதை நான் முழுமனதோடு சொல்வேன்: உடம்பின் பாரத்தில் ஏறக்குறையப் பாதிதான் காலில் இறங்கும். காயம் முழுதாக மூடியிருக்க வேண்டும், துணைக்கு ஒருவரும் வேண்டும். கன்னியா வெந்நீர் ஊற்றுத் தண்ணீர் இதமாகத்தான் இருந்தது. ஆனால் வீக்கம் உள்ள காலுக்குச் சுடுநீர் ஏற்றதல்ல.

உண்மையான சோதனை, கோட்டைக்குள் குன்றின் மேல் இருக்கும் கோணேசர் கோயில். கோட்டை வாசலிலிருந்து ஏறுவது சமாளிக்கலாம், இறங்குவதுதான் கடினம். படிகளில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில். செருப்பைக் கழற்றினால் பாதத்துக்குத் தாங்கலும் இல்லை, மத்தியானத்தில் கல்லும் சுடும், அதிகாலையில் போங்கள். சம்மணமிட்டால் பிளேட் உள்ள இடம் தரையில் அழுத்தி நோகும். மடித்த துவாயைக் கணுக்காலுக்கு அடியில் வைத்துத்தான் இன்றும் உட்காருகிறேன்.

வகுப்பில் நாள் முழுக்க நின்றால் பின்னேரம் இன்னும் லேசாக வீங்குகிறது. பிளேட் தொந்தரவு தராவிட்டால் எடுக்கத் தேவையில்லை என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஒற்றைக் காலில் எழும்புவது இப்போது இடது காலுக்குக் கிட்டத்தட்டச் சமம். மாரி மழையில் கடல் பக்கம் போக முடியாதபோது வீட்டு வாசற்படி போதும்: விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிக்காலை மெதுவாக இறக்கி ஏற்றுகிறேன்.